சொல்வன்மைக்கு ஏன் பகடை? பாத்திரமேற்பு ஆட்டங்களில் பேச்சுத்திறன் குறித்துச் சில எண்ணங்கள்

இது சற்று நீண்ட பதிவு. ஓய்வாக இருக்கும்போது வாசியுங்கள்.

டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் எனப்படும் பாத்திரமேற்பு ஆட்டங்களைப் பற்றி ஓர் ஆய்வு மாணவன் இத்தனை நீளமாக எழுதுவது சிலருக்கு வியப்பாக இருக்கக்கூடும். அறியாதவர்களுக்காக ஒரு சுருக்கம். நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்கிறார்கள். ஒருவர் கேம் மாஸ்டர். உலகத்தையும் அதில் வாழும் மற்ற மனிதர்களையும் விவரிப்பவர் அவர். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, அப்பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்கிறார்கள். முடிவு உறுதியாகத் தெரியாத இடத்தில் பகடை உருளும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு தாள் உண்டு. அதன் வலிமை, மதிநுட்பம், வசீகரம் முதலியவை அத்தாளில் எண்களாக எழுதப்பட்டிருக்கும். பகடையில் விழுந்ததோடு அந்த எண்ணைக் கூட்டி, கேம் மாஸ்டர் வைத்திருக்கும் கடின எண்ணை எட்டினால் வெற்றி.

இவ்வாட்டங்களில் ஒரு பழைய வழக்கு இன்னும் தீராமல் இருக்கிறது. கோட்டை வாயிற்காவலன் ஒருவனைப் பேசியே இணங்கவைத்து உள்ளே நுழைய ஒரு பாத்திரம் விரும்புகிறது. அப்போது அதை ஏற்றிருக்கும் ஆட்டக்காரர், காவலனாகப் பேசும் கேம் மாஸ்டரிடம் தாமே பேசி வெல்ல வேண்டுமா? அல்லது ‘என் பாத்திரம் இன்ன காரணத்தைச் சொல்லி அவனை இணங்கவைக்க முயல்கிறது’ என்று கூறிவிட்டுப் பகடையை உருட்டினால் போதுமா? முதல் கட்சியினர், பேச்சே ஆட்டத்தின் உயிர், அதைப் பகடையிடம் ஒப்படைத்தால் எஞ்சுவது கணக்கு மட்டுமே என்பர். இரண்டாம் கட்சியினர், வாளேந்தும் பாத்திரத்தை ஏற்றவரிடம் வாள் சுழற்றிக் காட்டச் சொல்வதில்லையே, நாவன்மை மிக்க பாத்திரத்தை ஏற்றவரிடம் மட்டும் ஏன் சொற்பொழிவு கேட்கிறீர்கள் என்பர்.

இணங்கவைத்தல், ஏய்த்தல், மிரட்டல், குறிப்பறிதல் ஆகிய சமூகத் திறன்கள் பாத்திரத் தாளில் எண்களாக இருந்தே ஆக வேண்டும் என்பது என் நிலைப்பாடு. அவை பேச்சை ஒழிப்பதில்லை என்பதோடு, பேசத் தயங்குபவருக்கும் பேச்சில் இடம் தருவது அவைதாம் என்று கருதுகிறேன். ஆயினும் அவற்றை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலில் வரலாறு. இவ்வாட்டங்கள் போர் விளையாட்டுகளிலிருந்து பிறந்தவை, ஆகவே பேச்சு அவற்றில் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது என்று ஒரு நம்பிக்கை உண்டு. அது பாதி உண்மை. 1960களின் இறுதியில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் டேவிட் வெஸ்லி என்பவர் ‘பிரான்ஸ்டைன்’ என்ற ஆட்டத்தை நடத்தினார். நெப்போலியன் காலத்து நகரம் ஒன்றே களம். படைகளுக்கு அப்பால் நகரத்தாருக்கும் அவர் ஆட்டக்காரர்களை நியமித்தார். போர் நடக்கும் என்று அவர் எதிர்பார்த்திருக்க, ஆட்டக்காரர்கள் தமக்குள் பேசவும் பேரம் நடத்தவும் சூழ்ச்சி செய்யவும் தொடங்கிவிட்டனர். அவ்வரிசையில் பின்னர் வந்த ஓர் ஆட்டத்தில் டேவ் ஆர்னசன் என்பவர் தம்மை அமெரிக்க உளவுத்துறை ஆள் என்று மற்றவர்களை நம்பவைத்தே காரியம் சாதித்தார். அந்த ஆர்னசனும் கேரி கைகாக்ஸும் சேர்ந்து 1974இல் வெளியிட்டதுதான் ‘டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்’. ஏய்த்தலும் பேரமும் இவ்வாட்டத்தின் கருவிலேயே இருந்தவை.

அந்த 1974 விதிகளின் ஆறு அடிப்படைக் குணங்களுள் ஒன்று வசீகரம். எத்தனை பேரைக் கூலிக்கு அமர்த்திக்கொள்ளலாம், அவர்கள் எவ்வளவு விசுவாசமாக இருப்பார்கள் என்பனவற்றையே அது முதன்மையாகத் தீர்மானித்தது. எதிர்ப்படும் அந்நியர் எப்படி நடந்துகொள்வார் என்பதற்குத் தனியே ஓர் அட்டவணை இருந்தது. 1981ஆம் ஆண்டு அடிப்படைப் பதிப்பில் அது தெளிவாக வரையறுக்கப்பட்டது. இரண்டு அறுமுகப் பகடைகளை உருட்டுக. 2 விழுந்தால் உடனே தாக்குதல். 3 முதல் 5 வரை பகைமை. 6 முதல் 8 வரை முடிவெடுக்காத தயக்கம். 9 முதல் 11 வரை தாக்குதல் இல்லை. 12 விழுந்தால் மனமார்ந்த நட்பு. கணக்கிட்டுப் பாருங்கள். உடனடித் தாக்குதலுக்கு 36இல் ஒரு வாய்ப்பே உண்டு. தயக்கத்துக்கோ 36இல் 16. இருண்ட சுரங்கத்தில் எதிர்ப்படும் உயிர்களில் பல முதலில் என்ன செய்வதென்று அறியாமல் நிற்கும் என்பதே அவ்விதியின் உலகப் பார்வை. அந்தத் தயக்கத்தின் இடைவெளியில்தான் பேச்சு நுழைகிறது.

பிற்காலத்தில் இத்திறன்கள் பெருகின. 1981இல் வெளியான ‘கால் ஆஃப் கதுல்ஹு’ ஆட்டத்தில் வாய்ச்சாலமாகப் பேசித் தப்புவது தனித் திறன். ஒருவரின் செல்வநிலையும் சமூக மதிப்புமே ஒரு திறனாக அதில் எண்ணப்படுகின்றன. 1991இன் ‘வேம்பயர்: த மாஸ்கரேட்’ உடல், சமூகம், மனம் என மூன்று தொகுதிகளை வகுத்துச் சமூகத்துக்குச் சம இடம் தந்தது. 2000இல் வந்த டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் மூன்றாம் பதிப்பு இராஜதந்திரத்தைத் தனித் திறனாக்கியது. 2014இன் ஐந்தாம் பதிப்பில் வசீகரத்தின் கீழ் ஏய்த்தல், மிரட்டல், அரங்காற்றல், இணங்கவைத்தல் என்ற நான்கும், அறிவுக் கூர்மையின் கீழ் குறிப்பறிதலும் இடம்பெற்றன.

இப்போது வாள் உவமைக்கு வருகிறேன். அது வலுவானதுதான், ஆனால் முழுமையானதன்று. போரில் ஆட்டக்காரர் வாள் சுழற்றுவதில்லை என்பது உண்மை. ஆயினும் எங்கே நிற்பது, யாரை முதலில் தாக்குவது, எப்போது பின்வாங்குவது என்று அவரே முடிவு செய்கிறார். முடிவு அவருடையது, வீச்சு பாத்திரத்தினுடையது. ‘நான் போர் புரிகிறேன்’ என்று மட்டும் சொல்லிப் பகடையை உருட்ட எந்தக் கேம் மாஸ்டரும் விடமாட்டார். பேச்சிலும் இதே பகுப்பைக் கொள்ளலாம். யாரிடம் பேசுவது, எதைக் கேட்பது, பதிலுக்கு எதைத் தருவது, அந்த மனிதனைப் பற்றி நாம் அறிந்த எதைப் பயன்படுத்துவது என்பவை ஆட்டக்காரரின் முடிவுகள். அதைச் சொல்லும்போது குரல் நடுங்கிற்றா, சொற்கள் பொருந்தி விழுந்தனவா, கேட்டவன் மனம் இளகிற்றா என்பவை பாத்திரத்தின் திறன். முன்னவற்றைப் பகடையிடம் விட்டால் ஆட்டம் வறண்டுபோகும். பின்னவற்றை ஆட்டக்காரரின் நாவிடம் விட்டால் ஆட்டம் ஒருதலைப்பட்சமாகும்.

இந்தப் பகுப்பு நமக்குப் புதியதன்று. திருக்குறளின் பொருட்பாலில் அமைச்சுக்குரிய பத்து அதிகாரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 65ஆவது சொல்வன்மை, 69ஆவது தூது, 71ஆவது குறிப்பறிதல், 72ஆவது அவையறிதல், 73ஆவது அவையஞ்சாமை. பத்தில் ஐந்து நேரடியாகப் பேச்சையும் பேச்சுக்குரிய சூழலையும் பற்றியவை. ஒரு பாத்திரத் தாளின் திறன் பட்டியலைப் போலவே இவை தோன்றுகின்றன என்பது மேலோட்டமான ஒற்றுமை. வள்ளுவர் இவற்றை ஒன்றாகக் குழைக்காமல் பிரித்து வைத்திருப்பதே ஊன்றிக் கவனிக்கத்தக்கது. சொல்ல வல்லவனாக இருப்பது ஒன்று. எந்த அவையில் என்ன சொல்லலாம் என்று அறிவது வேறொன்று. அவையைக் கண்டு அஞ்சாமல் இருப்பது மூன்றாவது. நூல் பல கற்றும் அவைக்கு அஞ்சுகிறவர்களின் நிலையைப் பேசுவதற்கென்றே ஓர் அதிகாரம் வேண்டியிருந்தது என்றால், கல்வியும் அஞ்சாமையும் ஒரே ஆளிடம் சேர்ந்தே இருக்கும் என்று அவர் எண்ணவில்லை என்றுதானே பொருள்?

நவீன ஆட்டங்களின் பிழை இங்கேதான் இருக்கிறது. அவை இம்மூன்றையும் வசீகரம் என்ற ஒரே எண்ணுக்குள் அடைக்கின்றன. முதல் கட்சியினரின் பிழை அதனினும் பெரிது. மேசையில் கூச்சமின்றிப் பேசுகிறவரைச் சொல்வன்மை உடையவராகவும், தயங்குகிறவரைச் சொல்ல ஒன்றும் இல்லாதவராகவும் அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். தயங்குகிறவரிடம் இல்லாதது பெரும்பாலும் அவையஞ்சாமை மட்டுமே. அவையறிதல் அவரிடம் மற்றவரைக் காட்டிலும் மிகுந்திருக்கவும் கூடும். ஏனெனில் அவர் இவ்வளவு நேரமும் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

இதை நான் கோட்பாடாக மட்டும் சொல்லவில்லை. ஸ்ரீவராகத்தில் நான் தங்கியிருக்கும் வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆறு பேர் கூடி ஆடுகிறோம். விதிப்புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கிறது. மேசைப் பேச்சு பெரும்பாலும் மலையாளம். பாத்திரங்கள் ‘பாத்திரமாக’ப் பேசத் தொடங்கியதும், ஏனோ எல்லோரும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறோம். எங்களுள் இருவருக்குத் தாய்மொழி தமிழ். இந்நகரத்துக்கு இது புதிதன்று. சாலை, வலியசாலை, கரமனை, கோட்டை என இங்கே தமிழ் ஒலிக்கும் தெருக்கள் பல. 1956 நவம்பர் 1 வரை கன்னியாகுமரிப் பகுதிக்கும் இதுவே தலைநகர். அப்பகுதியிலிருந்து வந்து, பள்ளிப் படிப்பை முழுவதும் தமிழ்வழியில் முடித்த எங்கள் நண்பர் ஒருவர் மேசையில் மிகக் குறைவாகவே பேசுவார். ஒருநாள் ஆட்டம் முடிந்தபின் அவர் சொன்னது இது: “என்ன சொல்லணும்னு தெரியும் அண்ணா. அது இங்கிலீஷ்ல வாய்க்கு வாறதுக்குள்ள மத்தவங்க பேசி முடிச்சிருதாங்க.”

இந்த ஒரு வாக்கியத்தில் நம் கருத்தரங்குகளின் வரலாறே அடங்கியிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. அவருடைய பாத்திரம் ஒரு வணிகர், வசீகரம் 18. எங்களுள் சரளமாக ஆங்கிலம் பேசும் மற்றொரு நண்பரின் பாத்திரம் ஒரு முரட்டுப் போர்வீரன், வசீகரம் 8. பேசித்தான் வெல்ல வேண்டும் என்ற முறையில் ஆடிய நாள்களில் பேரங்கள் அனைத்தையும் போர்வீரனே முடித்தான். வணிகர் பின்னால் நின்று மூட்டைகளைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தார்.

எண்களில் பார்ப்போம். ஐந்தாம் பதிப்பின் கணக்குப்படி, தொடக்க நிலையில் வசீகரம் 18உம் இணங்கவைத்தலில் பயிற்சியும் உள்ள பாத்திரம் இருபதுமுகப் பகடையில் விழுவதோடு 6 கூட்டிக்கொள்ளும். வசீகரம் 8 உள்ளது 1 கழித்துக்கொள்ளும். கடின எண் 15 என்றால் முன்னவருக்கு 60 விழுக்காடும் பின்னவருக்கு 25 விழுக்காடும் வெற்றி வாய்ப்பு. இந்த வேறுபாட்டை அந்த ஆட்டக்காரர்கள் இனாமாகப் பெறவில்லை. வணிகர் வசீகரத்தை உயர்த்துவதற்காக வலிமையைக் குறைத்துக்கொண்டார். போர்வீரர் வலிமைக்காக வசீகரத்தைக் கைவிட்டார். பகடையின்றிப் பேச்சை மட்டும் கொண்டு தீர்ப்புச் சொன்னால், போர்வீரர் ஒரே காசைக் கொடுத்து இரண்டு பண்டம் வாங்குகிறார். வணிகரோ காசைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறார். மேசைக்கு வெளியே ஏற்கெனவே கிடைத்த சலுகைகளை மேசைக்குள்ளும் செலுத்தத்தக்க நாணயமாக மாற்றித் தருவதையே ‘இயல்பான பேச்சு’ என்று நாம் அழைத்துக்கொண்டிருக்கிறோம்.

சமூகவியல் நண்பர்களுக்கு ஒரு குறிப்பு. எர்விங் காஃப்மனின் ‘ஃபிரேம் அனாலிசிஸ்’ வெளியானதும் 1974இல்தான். காஃப்மனின் கருத்துகளைக் கொண்டு கேரி ஆலன் ஃபைன் இவ்வாட்டக் குழுக்களைக் களஆய்வு செய்து 1983இல் ‘ஷேர்டு ஃபேன்டசி’ என்ற நூலை எழுதினார். மேசையில் அமர்ந்திருப்பவர் ஒரே நேரத்தில் மூன்று சட்டகங்களில் இயங்குகிறார்: அன்றாட உலகின் மனிதர், விதிகளுக்கு உட்பட்ட ஆட்டக்காரர், கதைக்குள் வாழும் பாத்திரம். இப்பார்வையில் சமூகத் திறன் எண்ணின் பணி என்ன? மனிதரின் சட்டகத்திலிருந்து பாத்திரத்தின் சட்டகத்துக்குள் நேரடியாகக் கசிந்துவிடும் அதிகாரத்தை, நடுவிலுள்ள விதியின் சட்டகம் தடுத்து வடிகட்டுகிறது. சாதியும் வர்க்கமும் பள்ளிக்கூடமும் பயிற்றுமொழியும் ஒருவரின் நாவில் படியவைத்த தயக்கம், கதையில் அவருடைய பாத்திரத்தின் நாவையும் கட்டிப்போட வேண்டியதில்லை. பகடை என்றதும் நமக்குச் சகுனி நினைவுக்கு வருவது இயல்பு. இங்கே பகடை எல்லோர் கண்முன்னும் உருள்கிறது. அதற்கு யாருடைய உச்சரிப்பும் தெரியாது.

அவ்வாறாயின் எண்ணே எல்லாவற்றையும் தீர்க்கட்டும் என்று சொல்லிவிடலாமா? கூடாது. அதற்கு மூன்றாம் பதிப்பே சான்று. அதன் இராஜதந்திர விதியில், பகைமை கொண்ட ஒருவரை நடுநிலைக்குக் கொண்டுவர 25, நட்புக்குக் கொண்டுவர 35, உதவிசெய்யும் நிலைக்கு 50 என்று கடின எண்கள் நிலையாக வரையறுக்கப்பட்டிருந்தன. எதிரிலிருப்பவர் யார், அவரிடம் என்ன கேட்கப்படுகிறது, ஒப்புக்கொண்டால் அவர் எதை இழப்பார் என்பவை கணக்கில் வரவில்லை. எண்ணைக் கூட்டும் வழிகளை எல்லாம் தேடிச் சேர்த்த ஆட்டக்காரர்கள் சில நொடிப் பேச்சில் எவரையும் அடியாராக்கிக்கொள்ள முடிந்தது. ரிச் பர்ல்யூ போன்றோர் இதைக் கண்டித்து, பேசுவோருக்கிடையிலான உறவையும், முன்வைக்கப்படும் ஒப்பந்தத்தின் இலாப நட்டத்தையும் கடின எண்ணில் சேர்க்கும் மாற்று விதியை எழுதினர். கண்டனம் சரியானது. பேச்சுத்திறன் மந்திரமன்று.

நம் காப்பியங்கள் இதை நன்றாகவே அறிந்திருந்தன. பாரதத்தில் கண்ணனைவிடப் பேசத் தெரிந்தவர் யார்? அவனே தூது சென்றான். ஐந்து ஊர்கள் என்ற அளவுக்குக் கோரிக்கையைக் குறைத்தும் பார்த்தான். துரியோதனன் இணங்கவில்லை. தூதனின் திறனில் குறை இருந்ததால் அது தோற்கவில்லை. கேட்கப்பட்டவன் எதையும் தர மனமில்லாதவனாக இருந்ததால் தோற்றது. நல்ல கேம் மாஸ்டர் இவ்விடத்தில் பகடையையே கையில் எடுக்கமாட்டார். சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையில் கண்ணகி இனிய சொற்களால் பாண்டியனை வெல்லவில்லை. அரசியின் சிலம்பில் இருந்தவை முத்துகள், தன் சிலம்பில் இருந்தவை மாணிக்கங்கள் என்ற ஒரே உண்மையை அவையில் உடைத்துக் காட்டினாள். அந்த அவையில் வென்றது சான்று. கம்பராமாயணத்தில் வீடணன் அடைக்கலம் வேண்டி வந்தபோது சுக்கிரீவன் முதலானோர் ஐயுற, அனுமன் ஏற்றுக்கொள்ளலாம் என்று வாதிடுகிறான். ‘சொல்லின் செல்வன்’ என்று பெயர் பெற்றவன்தான். ஆனாலும் அவன் வாதத்துக்கு வலுவூட்டியது, இலங்கையில் தூதனைக் கொல்லலாகாது என்று வீடணன் தடுத்ததை நேரில் கண்ட அனுபவம். முன்பு ஆடிய ஆட்டத்தில் ஈட்டிய அறிவு, பிந்தைய பேச்சின் கடினத்தைக் குறைக்கிறது. பேச்சுத்திறன் விதியை எழுத விரும்புகிறவர் இம்மூன்று காட்சிகளையும் கருத்தில் கொண்டால் போதும்.

புதிய ஆட்டங்கள் சில இதே முடிவுக்கு வேறு வழியில் வந்து சேர்ந்துள்ளன. 2002இல் வெளியான லூக் கிரேனின் ‘பர்னிங் வீல்’ ஆட்டத்தில் சொற்போருக்குத் தனி முறை உண்டு. வாதம் தொடங்குமுன் எதற்காக வாதிடுகிறோம் என்பதை இரு தரப்பும் அறிவிக்க வேண்டும். வென்றவரும் தோற்றவரின் எதிர்ப்பு எந்த அளவுக்கு இருந்ததோ அந்த அளவுக்கு விட்டுக்கொடுத்தாக வேண்டும். நம் பட்டிமன்ற நடுவர்கள் தீர்ப்புச் சொல்லும் அழகை அறிந்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. அதே ஆட்டத்தில், ஒருமுறை உருட்டிய பகடையின் முடிவு சூழ்நிலை மாறும்வரை நிற்கும் என்ற விதியும் உண்டு. மறுத்தவனையே விடாமல் நச்சரித்து இணங்கவைக்கும் வழி அதனால் அடைபடுகிறது. வின்சென்ட் பேக்கரின் ‘அபோகலிப்ஸ் வேர்ல்டு’ 2010இல் வந்தது. அதன் வழிவந்த ‘டன்ஜன் வேர்ல்டு’ ஆட்டத்தில், எதிரிலிருப்பவருக்கு வேண்டியதோ அவர் அஞ்சுவதோ நம் கையில் இருந்தால் மட்டுமே பேரத்துக்கான பகடையை எடுக்க முடியும். அபோகலிப்ஸ் வேர்ல்டு மற்றொரு நுட்பத்தையும் தருகிறது. ஓர் ஆட்டக்காரரின் பாத்திரம் மற்றோர் ஆட்டக்காரரின் பாத்திரத்தை இணங்கவைக்க முயன்று வென்றாலும், மற்றவர் கட்டாயம் இணங்க வேண்டியதில்லை. இணங்கினால் ஒரு பயன், மறுத்தால் ஒரு சிக்கல் என்ற நிலைதான் உண்டாகும். முடிவு அவர் கையிலேயே இருக்கும். மனிதர் மனத்தைப் பகடையால் கைப்பற்றக் கூடாது என்ற அறம் இதில் இருக்கிறது.

இனி எதிர்வாதம் ஒன்று. “கூச்சம் உள்ளவர் பேசிப் பழகத்தானே இந்த ஆட்டம்? பகடையைக் கொடுத்து அவரை ஊமையாகவே வைத்திருக்கப் போகிறீர்களா?” நல்லெண்ணத்தோடு கேட்கப்படும் இக்கேள்வியை மதிக்கிறேன். பழகுவதற்கு இது நல்ல களம் என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் விழுந்தால் அடிபடாத இடத்தில்தான் குழந்தை நடக்கப் பழகும். நடைவண்டியைப் பிடுங்கிவிட்டு ‘நட’ என்று சொல்வது பயிற்சியாகாது. முடிவு தம் நாவை மட்டுமே சார்ந்திருக்கிறது என்றால், தயங்குகிறவர் வாயைத் திறக்கவே மாட்டார். ஏனெனில் தாம் தடுமாறினால் இழப்பு ஐந்து பேருக்கு. முடிவைப் பகடை தீர்மானிக்கும், நம் சொற்கள் கதைக்கு அழகு சேர்ப்பவை மட்டுமே என்று அறியும்போது அச்சம் குறைகிறது. எங்கள் மேசையில் நடந்ததும் இதுவே. பகடையை முதலில் உருட்டி, வெற்றியா தோல்வியா என்று அறிந்தபின், ‘அதை உங்கள் பாத்திரம் எப்படிச் சொல்லிற்று என்று விரும்பினால் சொல்லுங்கள், எந்த மொழியிலும் சொல்லலாம்’ என்ற முறைக்கு மாறினோம். சில வாரங்களில் வணிகர் பேசத் தொடங்கினார், தமிழில். நாகர்கோவில் சந்தையின் பேர மொழியில் அவர் ஒரு கப்பல் தலைவனிடம் விலை குறைத்த அழகை, தமிழ் அறியாத நண்பர்களும் முழுவதும் புரிந்துகொண்டு சிரித்தார்கள்.

நன்றாகப் பேசுகிறவருக்கு இதில் இழப்பு உண்டா? அவருடைய நல்ல யோசனைக்கு இடம் உண்டு. போர்வீரர் காவலனின் மகனுக்கு நேர்ந்த நோயை நினைவில் வைத்து மருந்து தருவதாகச் சொன்னால், கடின எண்ணை 15இலிருந்து 10ஆகக் குறைக்கலாம். அவருடைய வாய்ப்பு 25 விழுக்காட்டிலிருந்து 50ஆக உயரும். அதே யோசனையை வணிகர் சொன்னால் 60 என்பது 85ஆகும். யோசனைக்கு இருவரும் ஒரே பரிசைப் பெறுகிறார்கள். தாளில் எழுதப்பட்ட திறனும் மதிக்கப்படுகிறது. சரளத்துக்கு மட்டும் தனிப் பரிசு இல்லை. 2014 விதிப்புத்தகமே பாத்திரத்தின் குரலில் பேசுவதையும், பாத்திரம் என்ன சொல்கிறது என்று படர்க்கையில் விவரிப்பதையும் இரு முறைகளாக வைத்திருக்கிறது. இரண்டாவதை இளைத்தவர்களுக்கான சலுகையாகக் கருதும் பழக்கத்தை மட்டும் நாம் விட்டால் போதும்.

எனவே மேசை நடத்தும் நண்பர்களுக்கு என் பரிந்துரை. பகடைக்கு முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: யாரிடம், என்ன, அவர் ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்? மூன்றாவதற்கு விடையே இல்லையென்றால் பகடை வேண்டாம். மறுக்கவே காரணம் இல்லையென்றாலும் வேண்டாம். தோற்றால் என்ன நேரும் என்பதை உருட்டும் முன்பே சொல்லிவிடுங்கள். ஒருமுறை உருட்டியபின் நிலைமை மாறாமல் மறுமுறை உருட்ட விடாதீர்கள். குறிப்பறியும் திறனைப் பொய் கண்டுபிடிக்கும் கருவியாகச் சுருக்காமல், எதிரிலிருப்பவர் எதை விரும்புகிறார், எதற்கு அஞ்சுகிறார் என்று அறிவதற்குத் தாராளமாகத் திறந்துவிடுங்கள். கவனித்துக்கொண்டே இருக்கும் மௌனமான ஆட்டக்காரருக்கு அதுவே பெரிய வாயில். சக ஆட்டக்காரரின் பாத்திரத்தின் மீது அவர் சம்மதமின்றி இத்திறன்களைப் பயன்படுத்த விடாதீர்கள்.

ஆட்டத்தைப் பற்றி இவ்வளவு கவலைப்பட வேண்டுமா என்று கேட்கலாம். நாம் வாழும் அவைகளை எண்ணிப் பாருங்கள். வாய்மொழித் தேர்வு, கருத்தரங்கின் கேள்வி நேரம், நேர்காணல் அறை. அங்கெல்லாம் ஆய்வின் தரத்தையும் அவையஞ்சாமையையும் பிரித்து அளக்க நம்மிடம் ஒரு கருவியும் இல்லை. சரளம் அறிவாகவும் தயக்கம் அறியாமையாகவும் மதிப்பிடப்படுகின்றன. மதிப்பிடுகிறோம் என்ற உணர்வுகூட இன்றியே அது நடந்துவிடுகிறது. அவ்விடங்களில் பகடையை உருட்ட முடியாது. ஆனால் முன்கூட்டியே எழுதித் தந்த கேள்விகள், சிந்திக்கச் சில நிமிடங்கள், தாய்மொழியில் விடை சொல்லும் உரிமை ஆகியவற்றைத் தர முடியும். ஒரு மேசையில் ஐந்து நண்பர்களுக்குள் இந்த நியாயத்தைப் பழகிக்கொள்ளாதவர்கள், நாளை தேர்வாளர் நாற்காலியில் அமரும்போது அதைத் திடீரென்று கற்றுக்கொள்வார்கள் என்று எனக்கு நம்பிக்கையில்லை.

மாறுபட்ட கருத்துடையவர்கள், குறிப்பாகப் பகடையின்றிப் பேசியே ஆடும் குழுக்களைச் சேர்ந்தவர்கள், தங்கள் மேசைகளில் அதிகம் பேசாதவர் யார், அவர் ஏன் பேசுவதில்லை என்பதை ஒருமுறை கவனித்துவிட்டு எழுதுங்கள். விரிவாக விவாதிப்போம்.

ஸ்ரீவராகம், திருவனந்தபுரம்